விதி வகுக்கும் கை

"இந்த விளையாட்டு மார்க்கத்தில் ஆகுமானதுதானா?" என்று உறவினர் இல்லத்து அம்மையார் ஒருவர் நம்மிடம் கேட்டார்.

அஸர் தொழுதுவிட்டு அவர்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்த நேரம் அது. உள்ளறையிலிருந்து இளைய மகன் அழுதுகொண்டே வெளியே வந்தான். பத்து வயதுப் பிள்ளை. அவனுக்குப் பின்னால் மூத்தவன். அவனுக்குப் பதினைந்து வயது. "நான் ஒன்றும் செய்யவில்லை உம்மா, தோற்றதற்கு அழுகிறான்" என்றான். இருவரும் கம்ப்யூட்டரில் டாங்கிச் சண்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அம்மையார் கேட்டார்.

ஃபத்வா கொடுப்பது ஆலிம் பெருமக்களின் பணி, நம் பணியன்று. ஆயினும் பொதுவாக அறிந்தவை சில உண்டு. பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நடத்தியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை; அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் காட்டினார்கள். ஆகவே ஆயுதம் தோன்றுகிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு விளையாட்டு விலக்கப்பட்டதாகிவிடாது. பந்தயப் பணம் நுழைந்தால் அது சூது. தொழுகையின் நேரத்தை விழுங்கினால் அது கேடு. இவ்விரண்டும் எல்லோரும் அறிந்தவை. அந்த வீட்டில் பணமும் நுழையவில்லை. பாங்கு சொன்னதும் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று அம்மையாரே சொன்னார்.

அப்படியானால் சின்னவன் ஏன் அழுதான்? தோல்விக்காகவா? அதைக் கேட்டோம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னான்: "காற்றை வைத்ததே காக்காதானே!"

அந்த வார்த்தையில் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. அது விளங்க, அந்த விளையாட்டைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

அதன் பெயர் 'ஸ்கார்ச்ட் எர்த்'. 'கருக்கப்பட்ட பூமி' என்று பொருள். 1991-ஆம் ஆண்டில் வெண்டல் ஹிக்கன் என்பவர் எழுதி வெளியிட்டது. அந்நாளைய டாஸ் முறைக் கம்ப்யூட்டருக்கானது. அந்தப் பிள்ளைகளின் வாப்பா தம் மாணவப் பருவத்தில் ஆடியதாம். பழைய விளையாட்டுகளை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடச் செய்யும் 'டாஸ்பாக்ஸ்' மூலம் மக்களுக்கும் அதை வைத்துக் கொடுத்திருக்கிறார்.

திரையில் மேடும் பள்ளமுமான நிலம். ஒரு பக்கம் ஒருவனுடைய டாங்கி. மறு பக்கம் மற்றவனுடையது. இரண்டு பேர் முதல் பத்துப் பேர் வரை ஆடலாம். கீபோர்டு ஒன்றே போதும். முறை வைத்துச் சுடுவார்கள். பீரங்கியின் கோணம் எவ்வளவு, குண்டின் வேகம் எவ்வளவு என்று கணித்துச் சுட வேண்டும். நடுவில் மலை மறைக்கும். காற்று குண்டை இழுத்துச் செல்லும். ஒரு சுற்று முடிந்ததும், ஈட்டிய பணத்தைக் கொண்டு அடுத்த சுற்றுக்கு ஆயுதம் வாங்கலாம். பணமே இல்லாதவனுக்கும் 'பேபி மிஸைல்' என்ற சிறு குண்டு மட்டும் எப்போதும் உண்டு.

இவ்விளையாட்டின் தனிச் சிறப்பு, அதன் விதிகள் ஆடுபவர் கையிலேயே இருப்பதுதான். காற்று எவ்வளவு பலமாக வீசலாம்? புவியீர்ப்பு எவ்வளவு? தொடக்கத்தில் கையில் எவ்வளவு பணம்? திரையின் ஓரத்தைத் தொடும் குண்டு அப்படியே போய்விடுமா, சுவரில் பட்டுத் திரும்புமா, அல்லது வலப்புறம் மறைந்து இடப்புறம் வெளிப்படுமா? முதலில் சுடுபவன் யார்: வென்றவனா, தோற்றவனா? இவை யாவற்றையும் ஆட்டத்துக்கு முன் நாமே அமைத்துக்கொள்ளலாம்.

மூத்தவன் என்ன செய்திருந்தான் தெரியுமா? காற்றைப் பலமாக வைத்தான். வலப்புறம் மறைந்த குண்டு இடப்புறம் வெளிப்படும்படி ஓரங்களை வைத்தான். தொடக்கப் பணத்தைச் சூன்யமாக்கினான். வென்றவனே அடுத்த சுற்றில் முதலில் சுட வேண்டும் என்று வைத்தான். பிறகு ஒரு வாரம், தம்பி பள்ளிப் பாடம் படிக்கும் நேரங்களில், இதே அமைப்பில் கம்ப்யூட்டரையே எதிரியாக வைத்துத் தனியே பழகினான். அதற்கப்புறம்தான் தம்பியை அழைத்தான்.

"விதி இருவருக்கும் ஒன்றுதானே? காற்று எனக்கும் அவனுக்கும் சமமாகத்தானே வீசுகிறது? அவனுக்கு இல்லாத பணம் எனக்கும் இல்லையே?" என்று அவன் நம்மிடம் வாதாடினான்.

அவன் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆனால் நீதி அதில் இருந்ததா?

சகோதரர்களே, இங்குதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். ஒரு விதி இருவர் மீதும் ஒரே விதமாகப் பாய்கிறது என்பது வேறு. அந்த விதி நியாயமானது என்பது வேறு. எந்தக் காற்றில் தனக்குக் கை பழகியிருக்கிறதோ அந்தக் காற்றை ஒருவன் தேர்ந்தெடுத்து வைக்கிறான். பிறகு, 'காற்று பொது' என்கிறான். காற்று பொதுதான். அதைத் தேர்ந்தெடுத்த கை பொதுவானதன்று.

"தம்பியும் பழகியிருக்கலாமே, பழகாதது அவன் குற்றம்" என்று சிலர் சொல்லக்கூடும். அவன் பழகாதது சோம்பலால் என்றால் அந்த வாதம் நிற்கும். ஆனால் இன்ன காற்று, இன்ன சுவர் என்று அவனுக்குச் சொல்லப்படவே இல்லையே! நாமே மறைத்து வைத்ததை ஒருவன் அறியாதிருந்தால் அதை அவன் தலையில் சுமத்தலாமா? நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் விரல்களில் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்ற கருத்தில் கேட்டு, ஏமாற்றுவோரை வன்மையாகக் கண்டித்தார்கள். வாங்குபவன் கையை விட்டுப் பார்த்திருக்கலாமே என்று வியாபாரிக்காக அவர்கள் வாதாடவில்லை. ஈரம் தெரிந்தவன் எவனோ அவன் மீதுதான் சொல்லும் கடமை விழுந்தது.

இன்னொன்றும் அந்த ஆட்டத்தில் நடந்திருந்தது. ஸ்கார்ச்ட் எர்த்தில் டாங்கிகள் பேசும். சுடும்போது ஒரு வாசகம், அழியும்போது ஒரு வாசகம் திரையில் தோன்றும். அவ்வாசகங்கள் இரண்டு சிறு ஃபைல்களில் சாதாரண எழுத்தாகவே இருக்கின்றன. யாரும் திறந்து மாற்றிக்கொள்ளலாம். மூத்தவன் அதையும் மாற்றியிருந்தான். வீட்டில் யாரும் சொல்லக் கூடாதென்று உம்மா தடுத்து வைத்திருந்த தம்பியின் பட்டப் பெயரை அந்த வாசகங்களில் புகுத்திவிட்டான்.

இதன் விளைவைக் கேளுங்கள். அந்த ஃபைல் ஒரு டாங்கிக்கு மட்டும் உரியதன்று. எல்லா டாங்கிகளும் அதிலிருந்தே வாசகம் எடுக்கும். ஆகவே சின்னவன் சுட்டபோது அவனுடைய டாங்கியே அவனைப் பட்டப் பெயர் சொல்லிப் பழித்தது! 'இருவருக்கும் ஒரே விதி' என்ற நியாயம் எங்கே கொண்டுபோய் விட்டது பார்த்தீர்களா? தன் வாயாலேயே தன்னை ஏசிக்கொள்ளும் நிலைக்கு அந்தப் பிள்ளையைத் தள்ளிவிட்டது. அவன் அழுதது தோல்விக்காக அன்று என்பது அப்போதுதான் உம்மாவுக்கும் விளங்கியது. ஒருவரையொருவர் பட்டப் பெயரிட்டு அழைக்க வேண்டாமென்று அல்லாஹுத்தஆலா அல்-ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுத்திருப்பதை நாம் மூத்தவனுக்கு நினைவூட்டினோம். "நான் வாயால் சொல்லவில்லையே" என்றான். எழுதி வைத்த கை யாருடையது என்று கேட்டோம். தலை குனிந்தான்.

சரி, விதி வகுக்கும் உரிமை கையில் இருப்பவன் என்னதான் செய்ய வேண்டும்?

நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய வரலாறு ஹதீஸ் நூல்களில் வந்திருக்கிறது. அதில் கலந்துகொண்ட இப்னு உமர் (ரலி) அவர்களே அதை அறிவிக்கிறார்கள். பந்தயத்துக்கென்று பயிற்றி மெலிய வைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை தூரம் குறித்தார்கள். அது 5 அல்லது 6 மைல். பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ அந்த ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையில்தான்; அது ஒரே மைல். எல்லாம் குதிரைதானே, எல்லாவற்றுக்கும் ஒரே தூரம் என்று அவர்கள் வைக்கவில்லை. பழகியதற்கு ஓர் அளவு, பழகாததற்கு ஓர் அளவு. இதுவன்றோ நீதி!

இந்தக் கருத்து டாங்கி விளையாட்டுக்காரர்களுக்கும் தோன்றாமல் இல்லை. 1977-இல் அட்டாரி நிறுவனம் தன் வீட்டு விளையாட்டுக் கருவியோடு 'காம்பாட்' என்ற ஆட்டத்தை விற்றது. இருவர் மட்டுமே ஆடக்கூடியது. குண்டு சுவரில் பட்டுத் தெறிப்பது, டாங்கி கண்ணுக்குத் தெரியாமல் மறைவது, விமானச் சண்டை என்று அதில் 27 வகை ஆட்டங்கள் உண்டு. அந்தக் கருவியில் ஆளுக்கொன்றாக இரண்டு சிறு ஸ்விட்சுகள் வைத்தார்கள். கைதேர்ந்தவன் தன் ஸ்விட்சை மாற்றி வைத்தால் அவனுடைய குண்டு பாயும் தூரம் குறைந்துவிடும். எதிரியின் குண்டு பழையபடியே பாயும். வலியவன் தன் கையைத் தானே கொஞ்சம் கட்டிக்கொள்ள ஒரு வழி! தந்தையும் சிறு மகனும் ஆடினால் தந்தை அதைத் தொட்டால் போதும், ஆட்டம் ஆட்டமாகிவிடும்.

"வலியவன் தன்னைக் குறைத்துக்கொண்டே போனால் திறமைக்கு என்ன மதிப்பு?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். திறமையை அறியத்தானே ஆடுகிறோம்? மறைத்து வைத்த காற்றில் தம்பியை வென்றவனுக்குத் தான் திறமைசாலி என்பது எப்படித் தெரியும்? அவனை வெல்ல வைத்தது கணக்கா, மறைவா? அதை அவனே அறியமாட்டான். தன்னைக் குறைத்துக்கொண்டும் வென்றவனுக்குத்தான் தன் திறமை நிச்சயமாகத் தெரியும். தோற்றாலும் அவனுக்கு நஷ்டமில்லை. ஒரு சகோதரனின் மகிழ்ச்சி மிஞ்சும்.

அந்த ஆட்டத்தின் பெயரையும் எண்ணிப் பாருங்கள். கருக்கப்பட்ட பூமி என்பது மெய்யான போர்களில் மெய்யாகவே கையாளப்பட்ட முறை. பகைவனுக்குப் பயன்படலாகாது என்று விளைந்த வயலையும் மரத்தையும் வீட்டையும் எரித்துக்கொண்டே செல்வது. முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குப் படை அனுப்பியபோது தளபதி யஸீத் இப்னு அபீ ஸுஃப்யான் (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனி தரும் மரத்தை வெட்டலாகாது, குடியிருப்பைப் பாழாக்கலாகாது, உணவுக்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்கலாகாது என்பது அதன் சாரம். யாருக்கு இந்த விதி? தம் சொந்தப் படைக்கு! பகைவன் இணங்கினால்தான் என்று அவர்கள் நிபந்தனை போடவில்லை. போர்க்களத்திலேயே வலிய கை தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால், வீட்டுக்குள் ஒரு விளையாட்டில் அது எவ்வளவு எளிது!

நாம் மூத்தவனிடம் மூன்று காரியங்கள் சொன்னோம். ஆட்டத்துக்கு முன் எல்லா அமைப்பையும் தம்பிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு. அவனும் அதில் சில சுற்றுகள் பழகிய பிறகே கணக்கு வை. உம்மா பக்கத்தில் நிற்கும்போது தம்பியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத எதையும் அந்த ஃபைலில் எழுதாதே. நான்காவது ஒன்றை நாம் சொல்லவில்லை; அவனாகவே செய்தான். அமைப்புப் பட்டியலைத் திறந்து, தோற்றவனே அடுத்த சுற்றில் முதலில் சுடலாம் என்று மாற்றி வைத்தான்.

மஃக்ரிபுக்கு முன் ஓர் ஆட்டம் ஆடினார்கள். சின்னவன் அப்போதும் தோற்றான், ஆனால் அழவில்லை. "தொழுதுவிட்டு இன்னொரு ஆட்டம், காக்கா" என்றான்.

இவ்வளவையும் ஒரு பொழுதுபோக்குக்காகவா எழுதுகிறோம் என்று எண்ண வேண்டாம். இன்று விளையாட்டில் காற்றை வைக்கும் பிள்ளை நாளை பெரியவனாவான். வாப்பா மௌத்தான பின் பாகப் பிரிவினைப் பேச்சில் அவன் மூத்தவனாக அமர்வான். எந்தக் கடைக்கு என்ன வருமானம், எந்த மனைக்கு என்ன மதிப்பு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும், தங்கைக்குத் தெரிந்திருக்காது. "எல்லோருக்கும் ஒரே விதியில்தானே பிரித்தோம்" என்று அன்றும் சொல்லலாம். அன்றும் அதில் ஓர் எழுத்துப் பொய் இருக்காது. கூட்டு வியாபாரத்தின் ஒப்பந்தத்தை எழுதுபவனும், ஜமாஅத்தின் நடைமுறையை வகுப்பவனும், வேலையாளுக்குக் கூலி பேசுபவனும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். விதி வகுக்கும் உரிமை ஓர் அமானத். எதிரில் இருப்பவன் அறியாததை நாம் அறிந்திருக்கும் வேளையில்தான் அது சோதிக்கப்படுகிறது.

ஆகவே தாய்மார்களே, 'இந்த விளையாட்டு ஆகுமா?' என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். 'காற்றை வைத்தது யார்? மற்றவனுக்கு அது தெரியுமா?' என்றும் கேளுங்கள். அதே கேள்வியை நம் கணக்குப் புத்தகத்தையும் பத்திரத்தையும் பார்த்து நம்மிடமே கேட்டுக்கொள்ளும் உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.