இடைவழியில் ஓர் இரவு

‘விருந்து’ என்ற தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். நன்கு அறிந்த சுற்றத்தாரை அன்று, முன்பின் அறியாமல் புதிதாக வருபவரையே அச்சொல் முதலில் குறித்தது. ‘அதிதி’ என்ற வடசொல்லுக்கும் நாள் குறிக்காமல் வருபவர் என்று பெரியோர் பொருள் கூறுவர். அவ்வாறு வருபவரை வரவேற்க வேண்டிய கடமையைப் பற்றி அறநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. திருவள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும் அதே நிகழ்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நினைத்த ஊருக்குச் செல்ல இயலாமல், நினையாத ஊரில் தங்க நேர்ந்தவர் அதை எவ்வாறு ஏற்க வேண்டும்? அவருக்குரிய அறமும், அவரைக் காண்பவருக்குரிய அறமும் ஒன்றுதானா?

ஒரே பேருந்து, மூன்று பயணங்கள்

வேலூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பேருந்துகள் காட்பாடியைக் கடந்து, ஆந்திர எல்லைக்குள் நுழைந்து, சித்தூர் வழியாகச் செல்கின்றன. வேலூரிலிருந்து சித்தூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்; அங்கிருந்து திருப்பதி மேலும் 70 கிலோமீட்டர். எல்லையைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது; பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. 1911-ஆம் ஆண்டு வரை சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. பின்னர் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கோடுகளே இடம் மாறின. ஆகவே அங்கு ஒருவரை ‘அயலூரார்’ என்று ஒதுக்குவதற்கு அந்தக் கோடுகள் போதுமான காரணம் ஆகமாட்டா.

அத்தகைய பேருந்து ஒன்று இரவு நேரத்தில் சித்தூரில் பழுதாகி நின்றுவிடுவதாகக் கொள்வோம். அதில் ஓர் இளைஞர் இருக்கிறார். முதுகில் ஒரு பை, சில துணிகள், கையில் சிறிது பணம். முன்பதிவு ஏதுமின்றி ஊர் ஊராகச் செல்பவர். மறுநாள் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காணிப்பாக்கம் விநாயகரைத் தரிசித்துவிட்டு மெதுவாகப் புறப்படலாம் என்று அவர் மகிழ்ச்சியோடு எண்ணுகிறார். அவருக்கு அருகில் ஒரு பக்தர். காலையில் குறிப்பிட்ட நேரத்தில் திருமலையில் தரிசனத்துக்குப் பதிவு செய்திருப்பவர். அவர் மனம் கலங்குகிறது. பின் இருக்கையில் ஒரு கூலித் தொழிலாளி. வேலூரில் மனைவிக்குச் சிகிச்சை முடித்து ஊர் திரும்புகிறார். விடுதி அறைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. மறுநாள் வேலைக்குச் செல்லாவிட்டால் கூலியும் இல்லை.

தாமதம் ஒன்றே. ஆனால் ஒருவருக்கு அது புதிய அனுபவம், ஒருவருக்கு ஏமாற்றம், ஒருவருக்கு இழப்பு. ‘எல்லாம் நன்மைக்கே’ என்ற வாக்கியத்தை மூவரிடமும் ஒரே குரலில் சொல்ல முடியுமா?

தனக்கு வந்த தாமதம்

1893 ஜூலை இறுதியில் சிகாகோவை அடைந்த சுவாமி விவேகானந்தர், சர்வமத மகாசபை செப்டம்பரில்தான் கூடும் என்று அறிந்தார். உரிய அறிமுகச் சான்று இல்லாமல் யாரும் பிரதிநிதியாக முடியாது என்பதும் தெரிய வந்தது. கையிருப்போ கரைந்துகொண்டிருந்தது. செலவு குறைவு என்பதால் அவர் பாஸ்டன் நோக்கிச் சென்றார். அது அவருடைய திட்டத்தில் இல்லாத பயணம். ரயிலில் சந்தித்த கேட் சான்பார்ன் என்ற பெண்மணி அவரைத் தமது இல்லத்துக்கு அழைத்தார். அத்தொடர்பின் வழியாகவே ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அறிமுகமாகி, மகாசபையில் இடம் பெற உதவினார்.

சிகாகோ திரும்பியபோது செல்ல வேண்டிய முகவரி தொலைந்துவிட்டது. ரயில் நிலையச் சரக்குப் பகுதியில் இரவைக் கழித்த சுவாமிஜி, மறுநாள் வீடு வீடாக உதவி கேட்டு அவமதிக்கப்பட்டார். சோர்ந்து தெருவோரம் அமர்ந்தவர், நடப்பதை இறைவனிடம் விட்டுவிட்டார். தனக்கு வந்த துன்பத்தை இவ்வாறு ஏற்பது சரணாகதி. அந்த ஏற்பு அவருக்குள்ளிருந்தே எழுந்தது. வேறு யாரும் அவருக்கு உபதேசித்ததன்று.

இனி எதிர்வீட்டிலிருந்து அவரைக் கண்ட திருமதி ஹேலை நினைத்துப் பார்க்க வேண்டும். ‘துறவிக்குக் குளிரும் பசியும் நல்ல தவம்’ என்று அவர் எண்ணியிருந்தால் கதவு திறந்திருக்காது. அவர் வெளியே வந்து விசாரித்தார். உள்ளே அழைத்து உணவளித்தார். மகாசபை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரே தெருவில் இரண்டு அறங்கள் சந்தித்தன. அமர்ந்திருந்தவருக்கு அந்தத் தாமதம் இறைவனின் விருப்பம். கண்டவருக்கோ அது தம் கடமை.

பிறருக்கு வந்த தாமதம்

கடோபநிடதத்திலும் இந்த வேறுபாடு தெளிவாக உள்ளது. யமனுடைய இல்லத்துக்குச் சென்ற நசிகேதன், அவன் இல்லாததால் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்தான். சிறுவன் குறை கூறவில்லை. திரும்பி வந்த யமன், ‘காத்திருப்பு உனக்குப் பொறுமையைக் கற்பித்தது’ என்று சமாதானம் சொல்லவில்லை. விருந்தினரைக் காக்க வைத்ததைத் தன் குறையாகக் கொண்டு, இரவு ஒன்றுக்கு ஒரு வரமாக மூன்று வரங்கள் அளித்தான். மரண தேவனே பிறருடைய காத்திருப்பைத் தன் கடனாக எண்ணினான்.

துன்பத்தில் இருப்பவருக்கு இறைநம்பிக்கை ஆறுதல் அல்லவா, அதை எடுத்துச் சொல்வதில் என்ன பிழை என்று கேட்கலாம். ஆறுதல் தேவையே. ஆனால் உதவக்கூடியவர் உதவாமல் சொல்லும் ஆறுதல், தம் கடமையிலிருந்து தப்பிச் செல்லும் வழியாகிவிடும். ‘உன் வினை’ என்று பிறரைச் சுட்டும்போது தத்துவம் கல்லாகிறது. ‘என் வினை’ என்று தன்னிடம் சொல்லிக்கொள்ளும்போதே அது மருந்தாகிறது.

மலையின் மரபு

திருமலையின் மரபும் இதையே காட்டுகிறது. இராமானுஜர் மலையேறி வந்தபோது அவருடைய தாய்மாமனும் ஆசாரியருமான திருமலைநம்பி தாமே எதிர்கொண்டு வரவேற்றார். ‘சிறியவர் ஒருவரை அனுப்பியிருக்கலாமே’ என்று உடையவர் வருந்த, தம்மினும் சிறியவரைத் தேடியும் காணவில்லை என்றார் நம்பி. அங்கே மலர்க் கைங்கரியம் செய்த அனந்தாழ்வான் ஒருமுறை வெளியூர்ப் பயணத்தின் இடையில் உணவு மூட்டையை அவிழ்த்தார். உள்ளே எறும்புகள் இருந்தன. திருமலையில் வாழும் பேறு பெற்ற உயிர்களைத் தம்மால் பிரிக்க நேர்ந்ததே என்று வருந்தி, அவற்றை அங்கேயே விடுவதற்காக வந்த வழியே திரும்பினார் என்பர். எறும்புகளுக்காகத் தம் பயணத்தைத் தாமதப்படுத்திக்கொள்ள அவர் தயங்கவில்லை.

சித்தூர்ப் பேருந்து நிலையத்தில் கலங்கி நிற்கும் பக்தருக்கு வழி இங்கே உள்ளது. தரிசன நேரம் தவறினால் அந்த இழப்பை அவர் பிரசாதமாக ஏற்கலாம். அது அவருடைய உரிமை. அருகில் இருக்கும் தொழிலாளியின் இழப்பைப் பற்றி அவ்வாறு சொல்ல அவருக்கு உரிமை இல்லை. நோயுற்ற பெண்மணி படுக்க இடம் தேடிக் கொடுக்கலாம். இளைஞரும் அவரும் சேர்ந்து அறை வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். காலையில் முதலில் புறப்படும் பேருந்தில் இடம் பிடித்துத் தரலாம். திருமலையில் 1985 முதல் நடைபெறும் நித்திய அன்னதானத்தில், பந்தியில் அமர்பவரிடம் எந்த மாநிலத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. மலைமேல் நிகழும் அந்த வழிபாட்டை மலைக்குச் செல்லும் வழியிலேயே தொடங்கிவிடலாம்.

மலைமேல் நிற்கும் பெருமான் நாளையும் அங்கேயே நிற்பான். பின் இருக்கையில் இருப்பவருக்கு இந்த ஓர் இரவுதான் உள்ளது. அதை உணர்ந்து அவருக்குத் தன் இடத்தைக் கொடுப்பவர், தரிசனத்துக்குத் தகுதி பெற்றவராகவே மலையேறுவார்.