கொள்வகையும் வீட்டுமொழியும்: மேற்குக் கொச்சியை முன்வைத்து ஓர் அறவினா

பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம் கற்பித்தல் குறித்து இருவேறு நோக்குகளைத் தருகிறது. மாணாக்கரை முதல், இடை, கடை எனப் பகுத்து, கடை மாணாக்கருக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை உவமையாக்குவது ஒன்று. கற்போன் எவ்வாறு ஏற்றுக்கொள்வான் என அறிந்து கற்பிப்பதை ஆசிரியரின் கடனாக்குவது மற்றொன்று. முன்னதில் குறை மாணாக்கனுடையது. பின்னதில் பொறுப்பு ஆசிரியருடையது. மாற்றுத்திறனுடைய இளங்குழந்தைகளின் கல்வியில் இவற்றுள் எது அறம் என்பதே இக்கட்டுரையின் வினா.

தோப்பும்படி, மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி அடங்கிய மேற்குக் கொச்சி இவ்வினாவுக்குரிய களமாகும். அங்கு மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலியனவும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. டச்சுக்காரர் காலத்தில் சலவைத் தொழிலுக்கென வந்த தமிழ் வண்ணார் சமூகத்தினரின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

அத்தகைய வீடொன்றில் அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு வயதுக் குழந்தை இருப்பதாகக் கொள்வோம். வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். இருமொழி குழப்பும், ஆதலின் வீட்டிலும் மலையாளமே பேசுக என்னும் அறிவுரை கனிவோடு கூறப்படலாம். எனினும், டவுன் சின்ட்ரோம் உடைய குழந்தைகள் குறித்துக் கனடா ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு, சிறிய அளவினதே ஆயினும், இருமொழிச் சூழல் அவர்தம் ஆங்கிலத் திறனைக் குறைத்ததாகக் காட்டவில்லை.

மலையாளம் அக்குழந்தைக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. பணியாளர் ஒருவர் எல்லா மொழிகளையும் அறிதல் அரிது என்பதும் மெய்யே. ஆனால் சொல் வளம் மிக்க குழந்தை ஒரு மொழியை இழந்தும் ஈடுசெய்து கொள்ளும். சில சொற்களே உடைய குழந்தை பாட்டியோடும் உடன்பிறந்தாரோடும் உள்ள உறவையே இழக்கும். குறைவாக உடையவரிடமிருந்து மிகுதியாகக் கேட்பது நீதியாகாது.

1956இல் சேர்க்கப்பெற்ற அரசமைப்புச் சட்ட உறுப்பு 350அ, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிவழிக் கற்பித்தலைத் தொடக்கக் கல்வி நிலைக்கே கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இலவசக் கல்வி உரிமையை 6 முதல் 18 வயது வரையிலேயே வரையறுக்கிறது. நான்கு வயதுக் குழந்தை இவ்விரண்டிற்கும் வெளியே நிற்கிறது.

சட்டம் எட்டாத அவ்விடத்தில் ஆசிரியரின் கடன் தொடங்குகிறது. நீர், பசி, வலி, போதும் ஆகியவற்றிற்கு அவ்வீட்டில் வழங்கும் சொற்களையும் சைகைகளையும் தாயிடம் கேட்டறிந்து, படங்களின் துணையோடு அவற்றிலிருந்து மலையாளத்திற்கு அழைத்துச் செல்லுதல் இயலாத செயலன்று. கற்போரின் கொள்வகை அறிதல் என்பது, அவர்தம் வீட்டுமொழியை அறிதலையும் உள்ளடக்கியதே எனலாம்.