பழியும் பொறுப்பும்



குடிக்கு அடிமையான ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "மனம் வைத்தால் விடலாந்தானே" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பசியில்லாமலே நள்ளிரவில் வயிறு நோகும்வரை தனியே உண்பவரைப் பற்றியும் இதையே சொல்கிறோம். இத்தீர்ப்பு நீதியானதா என்று சற்றுச் சிந்திப்போம்.

1954ஆம் ஆண்டு, நாம் வாழும் இக்கனடாவில், மொன்றியால் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் என்னும் ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தினர். நெம்புகோலை அழுத்தினால் அங்கே சிறு மின்சாரம் பாயும். எலிகள் அதை ஓயாது அழுத்திக்கொண்டேயிருந்தன. இந்த நாட்டத்தில் டோபமீன் என்னும் இரசாயனத்துக்குப் பெரும் பங்குண்டு எனப் பின்னர் தெரியவந்தது. மதுவும், இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவும் இதையே தூண்டுகின்றன.

மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கென்ற் பெரிட்ஜ் என்பவரின் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. டோபமீனை இழந்த எலிகள் நாவில் விட்ட இனிப்பை வழக்கம்போலச் சுவைத்தன. ஆனால் உணவைத் தேடிப் போகவில்லை. ஆகவே, சுவைப்பது வேறு, வேட்கை வேறு. குடியில் இன்பம் தேய்ந்த பின்னும் வேட்கை மட்டும் வளரக்கூடும். அதை அடக்க வேண்டிய முன்மூளையின் பிடியும் தளர்ந்துவிடுகிறது.

அப்படியானால் அவருக்குப் பொறுப்பே இல்லையா? அஞ்சி ஒதுங்கும் மனைவி பிள்ளைகளுக்கு "இது மூளையின் கோளாறு" என்பது ஆறுதலாகாது. நீரிழிவு வந்தது ஒருவரின் குற்றமன்று. ஆயினும் மருந்தெடுப்பது அவர் கடமை. இங்கும் அவ்வாறே.

எமக்கும் பொறுப்புண்டு. மண்டபத்தில் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறோம். அதே நாம், பிறந்தநாள் விருந்தில் "ஒன்று மட்டும் எடுங்கோ" என்று கிளாசை நீட்டுகிறோம். போத்தலைக் கண்டாலே வேட்கை எழும் மூளைக்கு இது எத்தகைய சோதனை! வெட்கமோ அவரை ஒளித்துக் குடிக்கவும், ஒளித்து உண்ணவுமே செய்கிறது.

குடிவேட்கையைத் தணிக்கும் நல்ற்றெக்சோன் என்ற மருந்து 1994 முதல் அமெரிக்காவில் இதற்கென அங்கீகாரம் பெற்றுள்ளது. கட்டுக்கடங்காது உண்பதும் 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தால் தனி நோயாக ஏற்கப்பட்டது. எனவே குடும்ப வைத்தியரிடம் மறைக்காமல் பேசலாம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பானது.

அடுத்த விருந்தில் ஒருவர் "வேண்டாம்" என்றால், ஏன் என்று கேளாமல் ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்போம். அதிலிருந்து நாம் தொடங்கலாம்.