விழாமல் இருந்தால் மட்டும் போதுமா?

தில்லியின் ஜனவரிக் குளிர் முதியவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும் குளிர். நுரையீரல் தொற்று, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் என்று ஏதேனும் ஒரு காரணம் வந்து சேரும். அவ்வாறு அனுமதிக்கப்பட்டிருந்த 81 வயதுத் தமிழன்பர் ஒருவரைக் காணச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். கட்டிலின் இருபுறமும் கம்பித் தடுப்புகள் உயர்த்தப்பட்டிருந்தன. மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. தலைமாட்டில், விழும் அபாயம் உள்ளவர் என்று இந்தியில் எழுதிய அட்டை.

“நிமோனியா குணமாகிவிட்டது, சுவாமிஜி. ஆனால் ஒன்பது நாட்களாகத் தரையில் கால் வைக்கவில்லை. சிறுநீர் கழிப்பதும் கட்டிலிலேயே. வரும்போது நடந்து வந்தேன். போகும்போது தூக்கிக்கொண்டுதான் போவார்கள்போல் இருக்கிறது” என்றார்.

செவிலியர் சகோதரியிடம் மெல்ல விசாரித்தேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு நாட்களுக்கு முன் அதே வார்டில் ஒரு மூதாட்டி விடியற்காலை மூன்று மணிக்கு யாரையும் எழுப்பாமல் கழிப்பறைக்குச் சென்று வழுக்கி விழுந்ததையும், இடுப்பு எலும்பு முறிந்ததையும் சொன்னார். அந்த இரவில் அந்த வார்டு முழுவதற்கும் பணியில் இருந்தவர் அவர் ஒருவரே. மறுநாள் விளக்கம் எழுதிக் கொடுத்தவரும் அவரே.

முதியவரின் குறையும் நியாயமானது. செவிலியரின் அச்சமும் நியாயமானது. இரண்டு நியாயங்கள் மோதும் இடத்தில்தான் அறம் பற்றிய சிந்தனை தொடங்க வேண்டும்.

முதலில் அச்சத்தின் பக்கம் உள்ள உண்மையைக் காண்போம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர். உயிரிழக்கும் அளவுக்கு விழுவோரில் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படியே அந்த வயதினர் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டனர். முதியவருக்கு மருத்துவமனை, வீட்டைவிட ஆபத்தான இடமாகவும் அமையலாம். இடம் புதிது, கட்டில் உயரம், மூக்குக் கண்ணாடி எங்கோ இருக்கிறது, செருப்பு கட்டிலுக்கடியில் தள்ளப்பட்டிருக்கிறது, கையில் சலைன் குழாய். நீர் பிரியக் கொடுத்த மாத்திரை நடு இரவில் எழுப்புகிறது. உறங்கக் கொடுத்த மாத்திரை கால்களைத் தள்ளாட வைக்கிறது. நெடுநேரம் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 புள்ளிகள் குறைந்தாலே மருத்துவர்கள் அதனைக் குறைபாடாகக் கொள்வர். கண் இருட்டுகிறது, பிடிக்கக் கை நீள்கிறது, பிடிமானமாகக் கிடைப்பதோ சக்கரம் வைத்த மேசை!

ஆகவே ‘படுத்தே இருங்கள்’ என்று சொல்லத் தோன்றுவது இயல்பே. ஆனால் படுத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்துடன் இருந்த முதியவர்கள் பன்னிருவர் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருந்தனர். அந்தப் பத்து நாட்களில் அவர்களுடைய கால்களில் சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நோயுற்ற 81 வயதுக் கால்களின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். விழக்கூடாது என்று படுக்க வைத்தோம். அதனாலேயே வீடு திரும்பிய முதல் வாரத்தில் அவர் விழக்கூடும். அந்த வீழ்ச்சி எந்த மருத்துவமனையின் பதிவேட்டிலும் ஏறாது.

இங்கேதான் கேள்வி கூர்மையடைகிறது. விழுதல் கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, நேரமும் நாளும் குறிக்கப்படுகின்றன, பொறுப்பாளி யார் என்று கேட்கப்படுகிறது. தசை கரைவதற்குச் சத்தம் இல்லை. தன் காலால் நடந்து கழிப்பறைக்குச் செல்லும் மதிப்பு ஒருவரிடமிருந்து பறிபோவதற்கும் சத்தம் இல்லை. கணக்கில் வரும் தீங்கைத் தவிர்ப்பதற்காகக் கணக்கில் வராத தீங்கைச் செய்வதை அகிம்சை என்று சொல்ல முடியுமா?

மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தலாகாது என்பது ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட்டின் நிலைப்பாடு. அப்பாடத்தைப் படித்த நாட்களில் அடிமை முறை, போர் போன்ற பெரிய எடுத்துக்காட்டுகளே எங்கள் மனத்தில் இருந்தன. ஒரு கம்பித் தடுப்பு எங்கள் நினைவுக்கு வந்ததில்லை. ஆனால் மருத்துவமனையின் பதிவேடு தூய்மையாக இருப்பதற்காக ஒரு முதியவர் அசையாமல் கிடக்க வேண்டுமென்றால், அவர் அங்கே கருவியாகத்தானே ஆகிறார்? தடுப்பை உயர்த்தும் கை ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம்: நான் தணிப்பது இவருடைய அச்சத்தையா, என்னுடைய அச்சத்தையா?

இக்கேள்வி செவிலியர்களை நோக்கி மட்டும் எழுப்பப்படுவதன்று. அச்சத்தை உண்டாக்குவது பெரும்பாலும் அவர்களுக்கு மேலே உள்ள அமைப்பு. அமெரிக்காவில் 2008 அக்டோபர் முதல், மருத்துவமனைக்குள் விழுந்து ஏற்படும் காயங்களுக்கான கூடுதல் செலவை அரசுக் காப்பீடு தருவதில்லை என்று விதி செய்தனர். நோக்கம் நல்லதே. ஆனால் நோயாளி அசைந்தாலே ஓலமிடும் கருவிகள் கட்டில்தோறும் பெருகின. அக்கருவிகளின் பயன்பாட்டை ஒரு மருத்துவமனையின் 16 பிரிவுகளில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டபோது, விழுவோர் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்றே தெரிந்தது. இயந்திரம் ஓசை எழுப்பும். ஓடிவரக் கால்கள் வேண்டுமே! தடுப்புக் கம்பியும் அப்படித்தான். நோயின் வேகத்தில் சித்தம் கலங்கியவர் அதன்மேல் ஏறி இறங்க முயன்றால் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். அத்தகையவருக்குத் தேவை கம்பியைவிட, அருகில் இருக்கும் ஒரு மனிதர்.

பயன் தருவது எது? 2015இல் வெளியான மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று என் கவனத்தை ஈர்த்தது. எட்டு மறுவாழ்வு வார்டுகளில், பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளின் அருகில் அமர்ந்து, ‘நீங்கள் எப்போது, எதனால் விழக்கூடும்? அதற்கு என்ன செய்யலாம்?’ என்று அவரவரோடு உரையாடினர். நோயாளிகள் சொன்ன இடையூறுகள் ஊழியர்களுக்குத் தெரிவிக்கப்பட்டன. இம்முறை இல்லாத காலத்தில் 1000 நோயாளி நாட்களுக்குச் சுமார் 14 ஆக இருந்த வீழ்ச்சி, அது நடைமுறையில் இருந்தபோது சுமார் 8 ஆக இருந்தது. பேச்சுதான் மருந்து. முதியவரைக் காவலுக்குரிய பொருளாகக் கருதாமல், தம் உடலைப் பற்றி முடிவெடுக்க வல்லவராக மதித்த பேச்சு.

இதில் முதியவர்களின் பங்கும் உண்டு. நம் பெரியவர்களுக்குப் பிறரைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ‘பாவம், அந்தப் பெண் இப்போதுதான் உட்கார்ந்தாள், அவளை ஏன் எழுப்ப வேண்டும்?’ என்று நினைத்துத் தாமே இறங்குகிறார்கள். அந்த மூதாட்டியும் அப்படித்தான் இறங்கியிருக்கக் கூடும். இது உயர்ந்த குணமா? பாதி உயர்ந்தது. மறுபாதியில் ‘எனக்கு யார் தயவும் தேவையில்லை’ என்ற நுண்ணிய அகங்காரமும் கலந்திருக்கலாம். கொடுப்பதைப் போலவே உதவியைப் பெறுவதற்கும் ஒரு பணிவு வேண்டும். ஆனால் இதை முதியவருக்கு உபதேசிக்கும் முன் நாம் ஒன்றைச் செய்தாக வேண்டும். ஒருமுறை மணியை அடித்து, வந்தவர் முகம் சுளித்துவிட்டால், அந்த நோயாளி மறுமுறை மணியைத் தொடமாட்டார். வள்ளுவர் விருந்தினரை அனிச்ச மலரோடு ஒப்பிட்டார். படுக்கையில் கிடப்பவர் விருந்தினரைவிடவும் மென்மையானவர். அந்த ஒரு சுளிப்புக்கும் அடுத்த வீழ்ச்சிக்கும் உள்ள தொடர்பை எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை.

நம் நாட்டு மருத்துவமனைகளில் இம்முகம் பெரும்பாலும் செவிலியரின் முகமன்று. உடனிருக்கும் மகன் அல்லது மருமகளின் முகம். தில்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு தங்க அனுமதிச் சீட்டு பெற்ற உறவினர், கட்டிலுக்கருகே தரையில் போர்வை விரித்துப் படுத்திருப்பதைக் காணலாம். மேலைநாட்டு மருத்துவமனைக்குக் கிடைக்காத செல்வம் இது. ஆனால் அவரிடம், ‘உட்கார வைத்துச் சற்று நேரம் கழித்து நிற்கச் சொல்லுங்கள், செருப்பைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், இரவு படுக்கும் முன் ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்று சொல்லிக் கொடுப்பவர் எத்தனை பேர்? மருந்துச் சீட்டைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பத்தான் அவர் பயன்படுகிறார்.

முதுமைக்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். 1978லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் அதைத் தொடங்கிவிட்டார். தில்லி எய்ம்ஸில் முதியோர் மருத்துவத்துக்கென்று தனித்துறை 2012இல் உருவாயிற்று. ஆயினும் பெரும்பாலான முதியவர்கள் அனுமதிக்கப்படுவது பொது வார்டுகளில்தான்.

தில்லிக்கு வரும் அன்பர்கள் தீஸ் ஜனவரி சாலையில் உள்ள காந்தி ஸ்மிருதிக்குச் செல்வதுண்டு. காந்தியடிகள் கடைசியாக நடந்து சென்ற தடம் அங்கே அடிச்சுவடுகளாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு வயது 78. 1948 ஜனவரி 18இல்தான் உண்ணாவிரதத்தை முடித்திருந்தார். அதன்பின் சில நாட்கள் அவரை நாற்காலியில் வைத்துப் பிரார்த்தனை மைதானத்துக்குத் தூக்கிச் சென்றனர். வலிமை சிறிது திரும்பியதும் மனு, ஆபா இருவர் தோள்களிலும் கைகளை வைத்து நடக்கத் தொடங்கினார். அப்பெண்களைத் தமது கைத்தடிகள் என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவார். பலவீனமானவர், விழக்கூடியவர், நாடே காக்க விரும்பியவர். எனினும் ‘நாற்காலியிலேயே இருங்கள்’ என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சுவடுகளைக் காணும்போது அவற்றின் இருபுறமும் பதிக்கப்படாமல் போன அந்த இரு பெண்களின் காலடிகளையும் நான் எண்ணிக்கொள்வதுண்டு.

அன்று மாலை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, நடக்கலாம் என்றார். செவிலியர் சகோதரி தடுப்பை இறக்கினார். “பாபுஜி, முதலில் உட்காருங்கள். அவசரமே இல்லை” என்றார். அவருடைய மகன் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, குனிந்து செருப்பை அணிவித்தார். பெரியவர் எழுந்து நின்றார், கால்கள் நடுங்கின. ஒரு பக்கம் மகனின் தோள், மறுபக்கம் அந்தச் சகோதரியின் முழங்கை. கட்டிலிலிருந்து ஜன்னல்வரை பதினான்கு அடி வைத்தார், நான் எண்ணினேன். வெளியே மூடுபனியில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.