ஒப்படைக்கும் கைகள்

நெய்யாறு கடலைச் சேரும் பூவாருக்கு அருகே, நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள சிற்றூர் காஞ்சிரங்குளம். பாறசாலை வரை நீளும் இந்த எல்லைப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் பேசப்படும். 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோதும் மக்களின் வழிபாடும் வாழ்க்கையும் பிரியவில்லை. குழந்தைக்கு நோய் என்றால் இவ்வூர்த் தாய்மார் முதலில் செய்வது இரண்டு: கோயிலில் ஒரு நேர்ச்சை, பிறகு திருவனந்தபுரத்துக்கு ஒரு பயணம்.

அங்கே மருத்துவர், "குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும்" என்று சொல்லும் கணத்தில் பெற்றோரின் காலடியில் பூமி நழுவுகிறது. அதுவரை கற்ற பக்தியும் கேட்ட உபதேசங்களும் சோதனைக்கு உள்ளாகும் நேரம் அது. "இறைவனிடம் விட்டுவிட்டோம்" என்று சொல்லும் வாயே, "நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்றும் கேட்கிறது.

யார் செய்த பாவம்?

இக்கேள்வி பெரும்பாலும் தாயின் மீதே வந்து விழுகிறது. கிரகணத்தின்போது வெளியே போனாள், விரதத்தை முறித்தாள் என்று உறவினர் சொல்லும் சொற்கள், நோயைவிட ஆழமாக அவளைப் புண்படுத்துகின்றன. பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இதயத்தில் ஏதேனும் ஒரு குறை இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவத்தால் சுட்ட முடிவதில்லை. கிரகணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கர்மத்தின் தத்துவம் மனிதன் தன்னைத் திருத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. துன்பப்படும் தாயைக் கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் அல்ல என்றே இயேசுநாதர் விடையளித்தார். நோயுற்ற குழந்தை தண்டனையாக வந்தது அன்று. தொண்டு செய்யும்படி இறைவன் கையில் தந்த உயிர். இந்தத் தெளிவு பிறந்தால்தான் பெற்றோரின் கைகள் அடுத்த வேலைக்கு விடுபடும்.

வசுதேவர் காட்டிய வழி

சரணாகதி என்றால் என்ன என்பதைப் பாகவதத்தின் தசம ஸ்கந்தம் ஒரு நள்ளிரவுக் காட்சியில் விளக்குகிறது. சிறைக்கூடத்தில் பிறந்த குழந்தை சாக்ஷாத் பரம்பொருள். விலங்குகள் கழன்றன, கதவுகள் திறந்தன, காவலர் உறங்கினர், யமுனை வழிவிட்டது. இத்தனையும் இறைவன் செயல். ஆயினும் குழந்தையை எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்து, ஆற்றைக் கடந்து நடந்தவர் வசுதேவர். உலகையே சுமப்பவனும் அன்று ஒரு தந்தையின் கைகளால் சுமக்கப்பட வேண்டியிருந்தது.

கோகுலத்தை அடைந்ததும் அவர் குழந்தையை யசோதையின் அருகில் கிடத்திவிட்டுத் திரும்பினார். தம் கையில் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து, அங்கே இருந்தால் பாதுகாப்பு என்று உணர்ந்து, அன்பின் காரணமாகவே கையை விடுவித்தார். தன்னால் இயன்றது அனைத்தையும் செய்வது, பின்னர் ஒப்படைப்பது: இவ்விரண்டும் சேர்ந்ததே சரணாகதி. முன்னது இன்றிப் பின்னது மட்டும் இருந்தால் அது சோம்பல். பின்னது இன்றி முன்னது மட்டும் இருந்தால் அது ஓயாத தவிப்பு.

கதவு வரை நடத்தல்

அறுவைச் சிகிச்சைக்கு முன் பெற்றோர் நடக்க வேண்டிய தூரம் ஒன்று உண்டு. அதில் முதற்படி குழந்தையிடம் உண்மை பேசுவது. சிறு குழந்தைக்கு ஓரிரு நாள் முன்பும், சற்று வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பும் சொல்வது நல்லது. "மக்களே, உன் நெஞ்சுக்குள்ளே ஒரு சின்ன ஓட்டை இருக்கு. டாக்டர் அதை அடைச்சுத் தருவார். அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாம இருக்க மருந்து தருவாங்க. முழிச்ச பிறகு கொஞ்சம் வலிக்கும். அதுக்கும் மருந்து இருக்கு. அம்மை பக்கத்துக்கு வந்துருவேன்" என்ற அளவு போதும். "வலிக்கவே வலிக்காது" என்று சொன்ன தாயைக் குழந்தை அடுத்த முறை நம்பாது.

மழலைப் பருவத்துப் பிள்ளைகள், தாங்கள் குறும்பு செய்ததற்குத் தண்டனையாகவே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டோம் என்று மனத்துக்குள் எண்ணிக்கொள்வது உண்டு. ஆகவே, "அடம் பிடித்தால் ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டலை அறவே விட வேண்டும். "நீ செய்த எதனாலும் இது வரவில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மருத்துவரிடம் எதையும் மறைக்காமை. சளி, காய்ச்சல், ஒவ்வாமை, வீட்டில் கொடுத்த கஷாயம், நாட்டு மருந்து ஆகிய எல்லாவற்றையும் முன்கூட்டியே கூற வேண்டும். சளியின் காரணமாகச் சிகிச்சை தள்ளிப் போனால் அது அபசகுனம் அன்று. குழந்தையின் நலம் கருதிய எச்சரிக்கை. அதுபோலவே, தாமதிக்கலாகாது என்று மருத்துவர் சொல்லும்போது நல்ல நாள் தேடிக் காலம் கடத்துவது பக்தியும் ஆகாது.

மூன்றாவது, பக்தர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. சிகிச்சைக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாக உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். தண்ணீரைக்கூட எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவமனையே சொல்லும். மயக்க நிலையில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதை அறியாத பாட்டி, பாசத்தினால் ஒரு வாய்ப் பாயசத்தை ரகசியமாக ஊட்டிவிடுவாள். பிரசாதம் காத்திருக்கும், இறைவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அன்று நெற்றியில் இடும் திருநீறே போதுமானது. அரைஞாண், காப்பு, கம்மல், மந்திரித்த கயிறு ஆகியவற்றைக் கழற்றச் சொன்னால் தயங்காமல் கழற்றி, தாயின் முந்தானையில் முடிந்துகொள்ளலாம். காப்பது கயிறு அன்று, கருணை.

கதவுக்கு அப்பால்

அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் வாயிலில் குழந்தையைத் தாதியரின் கையில் கொடுக்கும் கணமே பெற்றோரின் கோகுலம். குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தே அச்சத்தையும் துணிவையும் கற்கிறது. அழுகை வருவது இயல்பு; ஆயினும் கதவு மூடும் வரை முகத்தில் ஓர் அமைதி இருக்கட்டும். அதன்பின் அழலாம்.

காத்திருக்கும் நேரமும் கடமையே. வசுதேவர் நடந்த இரவில் தேவகி சிறையிலேயே காத்திருந்தாள்; அவளுடைய தவம் குறைந்ததன்று. தாயும் தந்தையும் மாறி மாறி உணவும் ஓய்வும் கொள்ள வேண்டும். வரும் நாட்களில் குழந்தைக்கு அவர்களுடைய வலிமை தேவை. நாமஜபம் மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும். பக்கத்து இருக்கையில் இன்னொரு தாய் அமர்ந்திருப்பாள். "என் குழந்தையைக் காப்பாற்று" என்ற பிரார்த்தனை, "இங்குள்ள எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்று" என்று விரியும்போது பாரம் சற்றே இலகுவாகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கும் கருவிகளுக்கும் நடுவே, சற்று வீங்கிய முகத்துடன் குழந்தையைக் காண நேரலாம். அது எப்படி இருக்கும் என்று முன்பே கேட்டறிந்தவருக்கு அதிர்ச்சி குறையும். வீடு திரும்பியபின் சில வாரங்கள் குழந்தை படுக்கையை நனைக்கலாம், இரவில் அலறலாம், தாயை விட்டு அகலாதிருக்கலாம். அப்போது கண்டிப்பு வேண்டாம், பொறுமையே மருந்து. நீடித்தால் மருத்துவரிடம் கூறலாம். நோயுற்ற குழந்தையையே சுற்றிவந்த வீட்டில், ஓரத்தில் மௌனமாக நிற்கும் அண்ணனையோ தங்கையையோ மடியில் இருத்திக்கொள்ளவும் மறவாதிருக்க வேண்டும்.

கண்ணீர் கட்டிய ஆலயம்

எல்லாம் செய்தும் சில குழந்தைகள் திரும்புவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் சரணாகதியைப் பற்றிய பேச்சு முழுமை பெறாது. திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாளின் சகோதரி கார்த்திகைத் திருநாள் லக்ஷ்மிபாயின் மகன் இளவரசர் அவிட்டம் திருநாள், இதய நோயால் 1944இல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஆறு. இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை அமெரிக்காவில் முதன்முதலில் வெற்றி கண்டது 1953இல்தான். அரண்மனையின் செல்வமோ, அன்னையின் வழிபாடோ குறைந்ததனால் அக்குழந்தை மறையவில்லை. வழி அன்று இருக்கவில்லை.

அந்தத் தாய் தம் துயரை அந்தப்புரத்தில் பூட்டி வைக்கவில்லை. மகனின் நினைவாகத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மருத்துவமனை 1952இல் எழுந்தது. அதுவே திருவனந்தபுரத்தின் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை. பின்னர் 1973இல் அதே அரச குடும்பம் வழங்கிய கட்டடத்தில் 1976இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் தொடங்கியது; 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளுக்காகக் கேரள அரசு 2017இல் 'ஹ்ருத்யம்' திட்டத்தையும் தொடங்கியது. அரசகுமாரனுக்கு அன்று கிட்டாத சிகிச்சை, இன்று காஞ்சிரங்குளத்துக் கூலித் தொழிலாளியின் மகளுக்கும் கிட்டுகிறது.

குணமடைந்த குழந்தையோடு நேர்ச்சையை நிறைவேற்றக் கோயிலுக்குச் செல்லும் பெற்றோர், அங்கே இன்னொன்றையும் நேர்ந்துகொள்ளலாம்: ஊரில் அடுத்த குழந்தைக்கு இப்படி ஒரு நாள் வரும்போது, அந்தத் தாயின் பக்கத்தில் போய் அமர்வது. தான் நடந்த வழியை அவளுக்குச் சொல்வது. இறைவனுக்கு அதைவிட உவப்பான காணிக்கை வேறில்லை.