இனி இதுதான் உங்கள் ஊர், இறங்கி நடங்கள்!

"எப்ப வந்தீங்கண்ணே, எப்பத் திரும்பப் போறீங்க?" அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டிலும் கீரமங்கலம் கடைவீதியிலும் இந்தக் கேள்வியை எத்தனை வருஷமாகக் கேட்டிருப்பீர்கள்! வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த காலத்தில் அது சுகமான கேள்வி. சொல்வதற்கு ஒரு தேதி இருந்தது. இப்போது "விசாவைக் கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன், இனிமே போகல" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும்போது குரல் இறங்குகிறதே, ஏன் இறங்க வேண்டும்? முப்பது வருஷம் உழைத்த மனுஷன் வீடு திரும்பியிருக்கிறான். இதில் தலைகுனிய என்ன இருக்கிறது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஓர் அண்ணனைப் பார்க்கிறேன். கோட்டைப்பட்டினத்தில் அவர் சபுராளி, ஆலங்குடிப் பக்கம் சிங்கப்பூர்க்காரர், கறம்பக்குடிப் பக்கம் துபாய்க்காரர். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் போன். பழைய ரூம்மேட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ரியாத்தில் மழை பெய்ததா, சிங்கப்பூர் தேக்காவில் கூட்டமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இப்படி ஒருவர் ஒடுங்கிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணே, நீங்கள் யார் என்று உங்களுக்கே மறந்துவிட்டது. அம்மாவின் தோட்டை அடகு வைத்து ஏஜென்ட்டுக்குக் கட்டிவிட்டு விமானம் ஏறியவர் நீங்கள். சவூதியில் தம்மாமில் இறங்கிய அன்று உங்களுக்கு அரபியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆறே மாதத்தில் பக்காலா கடையில் குப்பூஸ் ரொட்டியும் தயிரும் கேட்டு வாங்கினீர்கள். மலையாளி ஃபோர்மேனிடம் மலையாளம், பெஷாவர் டிரைவரிடம் இந்தி, முதலாளி கஃபீலிடம் அரபி. இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியை எப்போது புதுப்பிக்க வேண்டும், சம்பளம் பிடித்தால் யாரிடம் முறையிட வேண்டும் என்று அத்தனையும் தெரிந்துகொண்டீர்கள். ஐம்பது டிகிரி வெயிலில் சாரத்தில் நின்றவர் நீங்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது, கட்டிய துணியோடு ஜோர்டானின் அம்மான் வரை வந்து அங்கிருந்து விமானம் ஏறிய சுமார் 1,70,000 இந்தியர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் சண்டை ஓய்ந்ததும் மறுபடி பெட்டி கட்டினார்கள். அந்த நெஞ்சுரம் எங்கே போயிற்று?

போகவில்லை. எங்கே காட்டுவது என்று உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிறந்த ஊர் என்பதால் எல்லாம் தெரிந்த ஊர் என்று நினைத்து வந்து உட்கார்ந்தீர்கள். நீங்கள் விட்டுப்போன ஊர் இப்போது இல்லை. நீங்கள் பணம் அனுப்பி வளர்த்த தென்னந்தோப்பு 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயலில் சாய்ந்துவிட்டது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் திருப்பூரில், மீதிப் பேர் மகன் வீட்டில். தபால்காரர் புதியவர், விஏஓ புதியவர், டீக்கடையில் இருக்கும் பையன் யார் மகன் என்று தெரியவில்லை. அதனால் தம்மாமில் இறங்கினீர்களே, அதே மாதிரி இங்கேயும் புது ஆளாக வந்து இறங்குங்கள். புது ஆளுக்குக் கூச்சம் கிடையாது. கேட்பான், தப்புச் செய்வான், மறுபடி கேட்பான்.

முதலில் வீட்டுக்குள் இறங்குங்கள். அதுதான் ரொம்பக் கஷ்டமான ஊர். உங்களுக்கு எப்போது சர்க்கரை வந்தது, எந்த மாத்திரை போடுகிறீர்கள் என்று அண்ணிக்குத் தெரியாது. சர்க்கரை அங்கேயே வந்தது, அங்கேயே மருந்து சாப்பிட்டீர்கள், போனில் சொல்லவில்லை. அதனால் முதல் நாள் காலையில் மூன்று கரண்டி சீனி போட்டு ஆசையாக டீ கொடுக்கிறார். அண்ணிக்கு மூட்டு வலி எத்தனை வருஷமாக என்று உங்களுக்கும் தெரியாது. கரண்ட் பில், கேஸ் புக்கிங், வேலைக்கு ஆட்களைக் கூப்பிடுவது, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், மாமியார் சாவு, மகள் கல்யாணம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக நடத்தியவர் அவர். நீங்கள் வந்ததும் வராததுமாக "இதை ஏன் இங்க வச்ச?" என்று அதிகாரம் செய்தால், அந்த வீட்டில் உங்களுக்கு இடம் கிடைக்காது. தழைந்து போங்கள். மார்க்கெட்டுக்கு அவர் கூடவே போங்கள், பையைத் தூக்குங்கள். கேம்ப்பில் பத்துப் பேருக்குச் சோறு பொங்கிய கை உங்களுடையது. வாரத்தில் ஒருநாள் அடுப்படி உங்களுடையதாக இருக்கட்டும்.

இந்த வயதில் புதிதாக என்ன கற்றுக்கொள்வது என்று மட்டும் இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு கேட்காதீர்கள். நீங்கள் அங்கே இருந்தபோது இங்கே என்ன நடந்தது தெரியுமா? 1991-இல் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். வயலில் களை எடுத்த பெண்களும் கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும் ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் சிலேட்டைப் பிடித்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்றதும் பாவாடையையும் புடவையையும் இழுத்துச் செருகிக்கொண்டு ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. ஊர் கேலி செய்தது. விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். நீங்கள் அங்கிருந்து அனுப்பிய கடிதத்தை முதன்முதலாகத் தாங்களே எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் அந்தத் தலைமுறைப் பெண்கள்தான். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

உலகத்தையும் கொஞ்சம் பாருங்கள். தென்னமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில் குவெங்கா என்று ஒரு நகரம், ஆண்டிஸ் மலையில் இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல். அமெரிக்காவில் வேலை முடித்த ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே போய்க் குடியிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே டாலரே செலாவணி என்பதும், பென்ஷன் பணத்தில் அங்கே சமாளித்துவிடலாம் என்பதும் அவர்களுக்கு வசதி. ஆனால் பாஷை ஸ்பானிஷ். அறுபத்தைந்து வயதில் ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்கிறார்கள், சந்தையில் தட்டுத்தடுமாறி உருளைக்கிழங்கு விலை கேட்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு பழகுகிறார்கள். சொந்த பந்தம் ஒருவரும் இல்லாத ஊரில் அவர்களால் முடிகிறது. பாஷை, சாமி, சாதிசனம், குலதெய்வக் கோயில் எல்லாம் உள்ள ஊரில் உங்களால் முடியாதா?

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைகுடாவில் உங்களுக்குக் கிடைத்தது வேலை முடிந்த கணக்கு, மாதாமாதம் வரும் பென்ஷன் அல்ல. சிங்கப்பூரில் பெர்மிட்டில் வேலை பார்த்தவருக்கு அந்த நாட்டுச் சேமநிதியான சிபிஎஃப்பும் கிடையாது. ஆகவே கையில் இருப்பதை மேல்மாடி கட்டவோ மருமகன் தொழிலுக்கோ மொத்தமாகக் கொட்டாதீர்கள். என்ஆர்இ கணக்கை வங்கியில் சொல்லி உள்ளூர்க் கணக்காக மாற்றுங்கள். அறுபது முடிந்திருந்தால் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, முப்பது லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமானது. அந்தக் கணக்குப்படி பத்து லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு 20,500 ரூபாய். இன்னொன்று, மொய். வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கம் அங்கிருந்தபடியே எத்தனை மொய் விருந்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள்! நோட்டில் உங்கள் பேர் இருக்கிறது. அது தானமல்ல, உங்கள் சேமிப்பு. ஆடியிலோ ஆவணியிலோ பந்தலைப் போட்டுக் கறிச்சோறு வைத்து நிமிர்ந்து நின்று வாங்குங்கள். வாங்கியதைத் தொழிலில் போடுங்கள், திருப்பிச் செய்யும் கடமையையும் மறக்காதீர்கள்.

இப்போது நான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் தெருவில் ஒரு பையன் டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிக்கொண்டிருக்கிறான். கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே இணைய மோசடிக் கும்பலிடம் அடைபட்ட நம் பிள்ளைகளின் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அவன் கையில் உள்ள காகிதம் சரியா, ஏஜென்ட் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிந்தவரா, சட்டப்படி சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் என்றிருக்க ஏன் மூன்று லட்சம் கேட்கிறார்? இதையெல்லாம் அந்தத் தெருவில் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். காண்ட்ராக்டைப் பார்த்த மாத்திரத்தில் எது அடிப்படைச் சம்பளம், எது கண்துடைப்பு என்று உங்களுக்குத் தெரியும். அவனைக் கூப்பிடுங்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். வெல்டிங்கோ ஏ.சி. வேலையோ பைப் ஃபிட்டிங்கோ உங்கள் கையில் இருக்கிற தொழிலை நாலு பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தக் கையை வாட்ஸ்அப்புக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஊர்க் கூட்டத்திலும் நீங்கள் தேவை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. நீங்கள் அங்கே இருந்தபோது நடந்த எந்தக் கூட்டத்துக்கும் வர முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்காருங்கள். நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். மைக்கை வாங்கி, ஊர்க் கண்மாய் மடை ஏன் இத்தனை வருஷமாகச் சரிசெய்யாமல் கிடக்கிறது, வரத்துவாரியை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேலை எப்போது வெட்டப்படும் என்று கேளுங்கள். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை உட்காராதீர்கள் அண்ணே.