சொல்லாமல் விற்ற குறை

பழைய கார் ஒன்றை விற்க முற்படுகிறவர், அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதுபட்டிருப்பதைத் தாம் நன்கறிந்தும், வாங்க வந்தவர் அதைப் பற்றி ஒன்றும் கேளாமையால் தாமும் ஒன்றும் கூறாது, பேசிய தொகையைப் பெற்றுக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டாரானால், அவர் பொய்யுரைத்தவராவாரா? தர்மசாஸ்திரங்கள் ஆராயும் மகத்தான பிரச்னைகளுக்கு நடுவே இது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும், கொலை களவுகளுக்கு அஞ்சி ஒதுங்கி வாழும் சாதாரண கிருகஸ்தனுக்குச் சத்தியத்தின் பரீட்சை நேரிடுவது பெரும்பாலும் இத்தகைய பேரங்களிலேதான் என்பதால், இதை நிதானமாக விசாரிப்பது அவசியம் என்றே கருதுகிறேன்.

யந்திரத்தின் ஸ்வபாவத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கையால் கியர் மாற்றும் வண்டியில் கிளட்சின் தேய்வை ஓட்டுகிறவரின் இடது காலே உணர்ந்துவிடும். 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ரமாட்டிக் என்ற பெயரில் ஆட்டோமேட்டிக் கியரைக் கொண்டுவந்தபோது, அந்தக் காலுக்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வோடு அறியாமையும் வந்து சேர்ந்தது. எண்ணெயின் அழுத்தம் கிளட்சுத் தட்டுகளை இறுகப் பிடிப்பதும் விடுவிப்பதுமாக, எல்லாம் கண்மறைவில் நடைபெறுகின்றன. தட்டுகளும் ஸீல்களும் தேய்ந்துபோன கியர்பாக்ஸ், காலைக் குளிரில் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பவருக்கு யாதொரு குற்றமும் காட்டாமல் ஓடக்கூடும். எண்ணெய் சூடேறி நீர்த்து, அழுத்தம் கசிந்த பிறகே, என்ஜின் வீணாக இரைந்து வண்டி முன்னேறாமல் வழுக்குவதும், 'டி'யில் போட்டால் சற்றுத் தயங்கி, பின் உதைத்துக்கொண்டு கிளம்புவதும் வெளிப்படும். அன்றாடம் ஓட்டுகிற சொந்தக்காரருக்குப் பிரத்யட்சமான உண்மை, வாங்குகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையுள்ளவராயினும் அவருக்கு எட்டாமலே போகிறது. ஸ்கேனரால் பிழைக் குறிகளை அழித்தும், கருகிய எண்ணெயை வடித்துச் சிவந்த புது எண்ணெயை நிரப்பியும் வண்டியைக் காட்டுகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை; அது அப்பட்டமான வஞ்சனை. சங்கடமான கேள்வி, ஒன்றுமே செய்யாமல் வெறுமனே மௌனமாயிருப்பவரைப் பற்றியது.

கேள்வி புராதனமானதுதான். மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு என்று பாபிலோனைச் சேர்ந்த டயோஜினிஸ் என்ற ஸ்தோயிக் ஞானி வாதித்ததையும், விற்பவன் அறிந்தது யாவும் வாங்குபவனும் அறியவேண்டும் என்று அவருடைய சீடர் ஆன்டிபேட்டர் மறுத்ததையும் எடுத்துரைத்த ரோமானிய அறிஞர் சிஸரோ, சீடரின் பக்கமே நின்றார். 13ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ ஞானி தாமஸ் அக்வினாஸ் இன்னும் நுட்பமாகப் பிரித்தார்: ஒற்றைக்கண் குதிரையின் ஊனம் எவருக்கும் தெரிவதாகையால், அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்துக்கொண்டால் வாயால் சொல்லவேண்டியதில்லை; மறைந்திருந்து நஷ்டமோ அபாயமோ விளைவிக்கும் குறையையோ சொல்லியே தீரவேண்டும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் ஈரம் கண்ட நபிகள் நாயகம், ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கேட்ட வரலாற்றையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. சூடேறினால் வழுக்கும் கியர்பாக்ஸுக்கு அடியில் இருப்பதும் அத்தகைய ஈரமே.

நம் தேசத்துச் சட்டமோ வேறு பாதையில் செல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பேசும் கடமை இல்லாதபோது வெறும் மௌனம் மோசடியாகாது என்று 17ஆம் பிரிவில் கூறி, குதிரையைக் கொண்டே அதை விளக்குகிறது. நோயுள்ள குதிரையை அறிந்தே ஏலத்தில் விற்று ஒன்றும் பேசாதிருந்தவன் மோசடிக்காரன் அல்லன். ஆனால் வாங்குவது அப்போதுதான் வயதுக்கு வந்த அவனுடைய மகளாயிருந்தால், அவளிடம் உண்மையைச் சொல்வது அவன் கடமையாகும். 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்றே கொள்வேன்' என்று வாங்குபவன் சொல்லிய பின்னும் வாளாவிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்கு ஒப்பாகும்.

சட்டப் புத்தகத்தின் நடுவே வந்து நிற்கும் இந்த மகளை நான் பல முறை நினைத்ததுண்டு. தந்தையினும் அறிவு குறைந்தவள் என்பதற்காக மட்டும் சட்டம் அவளைக் காக்கவில்லை. அவள் தந்தையை நம்புகிறாள், நம்புவதற்கு உரிமையும் உடையவள் என்பதனாலேயே காக்கிறது. கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க இயலாத அந்நியரும், வேறு வழியின்றி, விற்பவரை நம்பியே பணத்தை எடுத்து வைக்கிறார். நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வணிகனுக்கு அறம் வகுத்த வள்ளுவர், பிறர் பொருளையும் தன் பொருளாகப் பேணவேண்டும் என்றபோது, அந்தப் பிறர் உறவினராக இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை. இரத்த பந்தத்தோடு சட்டம் நிறுத்திக்கொண்ட கடமையை ஊர்பேர் தெரியாதவருக்கும் விரிப்பதுதான் சமயங்களின் வேலையென்றால், இந்த விற்பனைக்காரரின் மௌனத்தைப் பொய்யென்று கூற எனக்குத் தயக்கமில்லை.

எனினும் கடினமான கட்டம் ஒன்று மிஞ்சுகிறது. தாமே இத்தகைய மௌனத்தால் ஏமாந்து, கடன்பட்டு வாங்கிய வாடகைக் கார் வழியில் நின்றுபோக, கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யும் செலவு வண்டியின் விலையிலேயே பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்று மெக்கானிக் சொல்லக் கேட்டு நிற்கிற ஏழை டிரைவரை நோக்கி, உண்மையைச் சொல்லி விற்பாயாக என்று உபதேசிப்பது எளிதன்று. அவருடைய துயரம் மெய்யானது. ஆனால் தர்மப்படி அவர் ஈடு கேட்கவேண்டியது தமக்கு விற்றவரிடம். தமக்குப் பின் வருகிறவரும் அவரைப் போலவே தவணை கட்டுகிறவராயிருக்கலாம். குறையைச் சொல்லி, செலவைக் கழித்து விலை பேசி, எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை வாங்குகிறவரையே நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லட்டும். அப்படியும் வேண்டும் என்று வாங்கி, வேறு கியர்பாக்ஸ் பொருத்தி ஓட்டிக்கொள்ளும் பட்டறைக்காரர்கள் இருக்கவே செய்கிறார்கள்.